நாற்பத்தைந்து அடி எண்ணெய்

லான்சிங்கில் பனி கறுத்துப்போன சனிக்கிழமை.
வண்டி நிறுத்துமிடத்தில் காலுக்கடியில் உப்பு நொறுங்குகிறது.
உள்ளே, இருபத்துநான்கு லேன்களுக்கும்
எண்ணெய்க் குளியல் முடிந்துவிட்டது.
தேய்த்துவிட்ட இயந்திரம்
ஓரமாய் நின்று ஆறுகிறது.

பார்த்தால் ஒன்றும் தெரியாது.
மேப்பிள் பலகை, அதில் விளக்கு வெளிச்சம்,
அவ்வளவுதான்.
சுவரில் ஒட்டிய தாள் சொல்கிறது:
நீளம் நாற்பத்தைந்து அடி.
ஓரத்திலும் வழவழப்பு. ஒதுங்க இடமில்லை.

கார்லா விரல்விட்டுக் கணக்குப் போடுகிறாள்.
நாற்பத்தைந்தில் முப்பத்தொன்று போனால் பதினான்கு.
பதினான்காம் பலகையில் பந்து திரும்ப வேண்டும்.
"உன் பந்துக்குத் திரும்பத் தெரியுமா, வாணி?"

என் பையில் இரண்டு.
ஒன்று மயில்கழுத்து நிறம். முகம் பார்க்கலாம்.
காய்ந்த லேனில் கடைசி நொடியில்
அது வெட்டித் திரும்பும் அழகுக்கு
அரைமாதச் சம்பளம் கொடுக்கலாம். கொடுத்தேன்.
மற்றது கரிச்சட்டி.
நேற்று ரோலண்டின் கடையில்
ஐந்நூறாம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்தது.
விளக்கைக் காட்டினால் விழுங்கிவிடும்.

ஒத்திகையில், ஆசை யாரை விட்டது,
மயில்கழுத்தைத்தான் முதலில் விட்டேன்.
கல்யாண வீட்டில் கடன்காரனைப் பார்த்தவன்போல
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல்
நேரே போய்
மூலையில் மூன்றைத் தட்டிவிட்டு மறைந்தது.

எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்று
மருந்துக்கடையில் சம்பள உயர்வு இல்லையென்ற
ஒவ்வொரு மார்ச்சிலும்
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
ரோலண்டுக்குப் பழமொழி தெரியாது.
அவன்பாட்டுக்குத் தேய்த்தான்,
தூசியை ஊதினான்,
"இப்ப ஒட்டும்" என்றான்.

ஒட்டியது.
காலை மெதுவாக்கினேன். கையை வீசவில்லை.
அகலமாய் எறிந்து காத்திருக்கும் சொகுசை விட்டு
குறுக்கு வழியில் அனுப்பினேன்.
கரிச்சட்டி தயங்கிற்று,
பல்லைப் பதித்தது,
திரும்பிற்று.
இருநூற்றுப் பதினொன்று. அடுத்ததில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
திரும்பி வரும்போதெல்லாம் அதன் இடுப்பில்
வெட்டிய மரத்தில் போல வளையம் வளையமாய் எண்ணெய்.
துண்டு நனைந்து கனத்தது.

மூன்றாவது ஆட்டத்துக்குள்
எங்கள் பந்துகளே லேனைக் குடித்துவிட்டன.
"இடப்பக்கம் நகரு. ரெண்டு பலகை.
இல்லையா, அந்தப் பளபளப்பை எடு."
கார்லா சொன்னது சரி.
எனக்கும் தெரியும்.
காலையில் காப்பாற்றியதை
மத்தியானத்தில் கைவிட மனசில்லை,
அல்லது சோம்பல்,
அல்லது அவள் சொல்லிவிட்டாள் என்பதால்தான்.
அதே பலகை, அதே கால், அதே பந்து.

கடைசிக் கட்டம். ஸ்ட்ரைக் வேண்டும்.
கரிச்சட்டி பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டது,
அவசரமாய் வளைந்து,
தலைப்பின்னைத் தாண்டி
வரக்கூடாத பக்கத்தில் நுழைந்து
பத்தையும் சாய்த்தது.

பதினேழாம் லேனில் யாரோ சிரித்தார்கள்.
எதிரணி ஃபிளிண்ட் அண்ணன் தம்பிகளிடம்
மன்னிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.
அவர்கள் தலையாட்டவில்லை.
நான்கு புள்ளி வித்தியாசத்தில் எங்களுக்குக் கோப்பை.
கார்லா படம் எடுத்துக்கொண்டாள்.
பலகையைப் பற்றி
வண்டி வரைக்கும் பேசவில்லை.

இரவு. வாளியில் வெந்நீர்.
சீயக்காய் இல்லை, பாத்திரம் கழுவும் சோப்புதான்.
கண்ணில் படாமல் பொத்துவதுபோல்
மூன்று விரல்துளைக்கும் டேப் ஒட்டி
கரிச்சட்டியை மெல்ல இறக்கினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு
மேலே ஒரு முத்து,
பக்கத்தில் இன்னொன்று.